அமிர்தம் விழாத கிணறு

மண்வாசனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரைக் கிராமத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கிராமத்தில் மண் இருக்கும், சேறு இருக்கும், சாணி இருக்கும். அவர் மட்டும் இருக்க மாட்டார். சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில், சுவரில் ஒரு முறத்தை ஆணியடித்து மாட்டி, அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, பிடரியில் புரளும் முடி. தூறல் விழுந்தால் ஜன்னலுக்கு ஓடுவார், கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, "ஆகா, எங்க ஊரு மண்ணு!" என்பார். கீழே சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருப்பார்கள். அவர் மூக்குக்கு அதுவும் ஊர்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருப்பாரா? போவார். காலை பஸ்ஸில் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "தங்கினா அந்த மண்ணு என்னை விடாது சார்" என்பார். மண் தாராளமாக விடும். விடிகிற நேரத்தில் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதுதான் அவரால் ஆகாத காரியம். இதையெல்லாம் எழுத முடியுமா? அதனால் பழியை மண்ணின் மேல் போட்டுவிடுகிறார்.

இந்த இனத்தில் முற்றிய மாதிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் இளஞ்செழியன். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்பிலேயே விழுப்புரத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் கழனிப் பக்கம் அவர் கால் வைத்ததை விரல் விட்டு எண்ணலாம். இருந்தும் வாரப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய நினைவுத்தொடரைப் படித்தால், பத்து வயதில் ஏர் பிடித்தார், பன்னிரண்டு வயதில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார், பதினாறு வயதில் காதலித்தார். காதலி பெயர் அமிர்தம். பெயரை மாற்றிவிடலாம் என்று ஆசிரியர் சொன்னபோது இளஞ்செழியன் ஒப்பவில்லை. உண்மைப் பெயர் போட்டால்தான் எழுத்தில் உயிர் இருக்கும் என்றார். பெயரை வைத்துக்கொண்டு ஆளைச் சாகடித்தார்.

நடந்தது என்ன தெரியுமா? கோடை லீவில் ஒருநாள், நட்ட கழனியில் இவர் குறுக்கே நடந்துபோனார். நாற்றை மிதிக்கிறானே என்று, அங்கே நட்டுக்கொண்டிருந்த அமிர்தம் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து முதுகில் போட்டாள். அவ்வளவுதான் காதல். அந்த மண்ணாங்கட்டியை வைத்துக்கொண்டு இளஞ்செழியன் பத்தொன்பது அத்தியாயம் எழுதினார். இருபதாவதில் சிக்கல் வந்தது. காதலி கல்யாணம் பண்ணிக்கொண்டு, நாலு பிள்ளை பெற்று, ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கொத்துக்காரியாக இருந்தால் எந்த வாசகி அழுவாள்? அமிர்தம் நிஜத்தில் அப்படித்தான் இருந்தாள். அதனால் ஒரு பௌர்ணமி இரவில், குடும்ப நிலத்துக் கிணற்றில், இவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அவளைக் குதிக்க வைத்தார். சென்னையே அழுதது. ஒரு சினிமா டைரக்டரும் அழுதார். அழுத கையோடு, உண்மைச் சம்பவம் என்று போஸ்டரிலேயே போட்டுப் படமெடுக்கப் போவதாகச் சொல்லி, இளஞ்செழியனைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிணற்றைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அது எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். கார் ஊருக்குள் நுழைந்த மறுநாள், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. தியாகதுருகம் சாலையில் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆண்கள் எல்லாரும் சாலையில் இருந்தார்கள். அங்கே நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அடிபட்டவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. டைரக்டர்கூட, "இது எதுக்காகங்க?" என்று விசாரித்தார். "அதெல்லாம் அரசியல் சார். என் கதை மண்ணு" என்றார் இளஞ்செழியன். தன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்த மண்ணிலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நாம் சாலையை விட்டுக் கழனிக்கு இறங்கிவிடுவோம்.

டைரக்டருக்கு நிலத்தைக் காட்டும் சடங்கு முதலில் நடந்தது. இளஞ்செழியன் ஒரு வரப்பில் மண்டியிட்டார். ஒரு பிடி மண்ணை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் பாட்டன் வேர்வை சார் இது" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் பின்னால் தனசேகரன் வந்து சேர்ந்தான். தனசேகரன் அவருடைய சித்தப்பா மகன். அந்த நிலத்தில் உழுது பயிர்வைத்துச் சாப்பிடுகிறவன்.

"இன்னாண்ணா பண்ற இங்க? இது ஆதிமூலம் மாமா கழனி. நம்மளுது அந்தாண்ட கெணறு தெரியுது பாரு, அது."

இளஞ்செழியன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மண்ணுக்கு ஏதுடா வரப்பு?" என்றார். டைரக்டருக்கு இந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தனசேகரனுக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை. அவன் தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. நாற்றங்காலில் நாற்று நடவு பருவத்தைத் தாண்டி நிற்கிறது. நுனி பழுக்க ஆரம்பித்துவிட்டது. கணு விட்டால் மாட்டுக்குத்தான் போடவேண்டும், இந்த சம்பா போனால் அடுத்த சம்பாதான். கழனி உழுது சேறாகிக் கிடக்கிறது. நட ஆள் இல்லை. ஏன் இல்லை? வாரப் பத்திரிகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது எழுதியவருடைய ஊருக்கும் வந்து தொலைக்கும். டீக்கடையில் இருபதாவது அத்தியாயத்தைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். அன்றோடு அந்தக் கிணற்றோரக் கழனியில் எந்தப் பெண்ணும் கால் வைக்கவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவரலாம் என்றால் லாரிக்கும் வழியில்லை.

"அந்தக் கொத்துக்காரியைக் கேளேன்" என்றார் இளஞ்செழியன்.

"அது வந்தா மத்தவங்களும் வந்துடுவாங்க. அதுதாண்ணா மொதல்ல வரமாட்டேங்குது."

சாயங்காலம் கொத்துக்காரியே தன் நடவுப் பெண்களோடு வரப்புக்கு வந்தாள், கிணற்றிலிருந்து ஒரு கழனித் தூரம் தள்ளியே நின்றாள். இளஞ்செழியனைவிட இரண்டு வயது மூத்தவள், நல்ல ஆகிருதி, வாய் நிறைய வெற்றிலை.

"வா தம்பி. நல்லாருக்கியா? இளைச்சுட்டியே."

"இவங்க யாரு?" என்றார் டைரக்டர்.

"இதாங்க அமிர்தம்" என்றான் தனசேகரன்.

இளஞ்செழியன் அவசரமாகக் குறுக்கிட்டார். "நம்ம ஊர்ல அமிர்தம் ஜாஸ்தி சார்."

"ஜாஸ்தி இன்னா ஜாஸ்தி? இந்த ஊருக்கு நான் ஒருத்திதான்" என்றாள் அமிர்தம்.

டைரக்டர் கேட்டார். "அப்படின்னா... கிணத்துல விழுந்தது?"

"நான்தாங்க."



"விழவே இல்லியேக்கா நீ!" என்று தனசேகரன் தலையில் அடித்துக்கொண்டான். "குத்துக்கல்லு மாதிரி நின்னுகினு இருக்கியே!"

"நான் நின்னுகினுதான் இருக்கேன். யாரு இல்லன்னா? ஆனா படிச்சவரு, அச்சுல போட்டிருக்காரு. நான் வுழுந்தேன், இவரு பேரைச் சொல்லிக்கினே வுழுந்தேன்னு. இப்ப நான் அந்தக் கெணத்தாண்ட போயி நின்னா உள்ள ஆவியா இருக்கறது இன்னா நெனைக்கும்? நாம இங்க தண்ணியில கெடக்கறோம், இவ வெத்தல போட்டுக்கினு சொகமா இருக்காளேன்னு காலைப் புடிச்சு இழுக்காதா?"

பெண்கள் எல்லாரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். தனசேகரன் இளஞ்செழியனின் கையைப் பிடித்துக்கொண்டான். "பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா. நாத்து போயிரும்ணா."

ஒரே ஒரு வார்த்தை. இளஞ்செழியன் டைரக்டரைப் பார்த்தார். போஸ்டர் கண்ணில் தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உண்மைங்கறது இருக்கே, அது பல அடுக்கு கொண்டது..."

"கேட்டியாடி?" என்றாள் ஒருத்தி. "இல்லன்னு சொல்லல பாரு."

இரண்டு நாள் போயிற்று. தனசேகரன் வீட்டில் சோறு போட்டார்கள், இளஞ்செழியனுக்குத்தான் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை சொம்போடு ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது, தனசேகரன் நாற்றங்கால் ஓரம் குந்தி, ஒரு நாற்றைப் பிடுங்கிக் கணு விட்டிருக்கிறதா என்று நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். இளஞ்செழியனுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக, எழுதுவதற்காக இல்லாமல் வந்த வெட்கம். நேரே அமிர்தத்தின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். டைரக்டரும் கூடவே ஓடினார்.

"அமிர்தம், நான் எழுதினது பொய். நீ விழல. யாரும் விழல. காதலும் இல்ல. நீ மண்ணாங்கட்டியால அடிச்ச, அவ்ளோதான்."

அமிர்தம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பொய்யின்னா, என் பொண்ணு படிச்சுக் காட்டுறப்ப எனக்கு ஏன் தம்பி அழுகை வந்துச்சு? பொய்க்கா அழுதேன்? ரெண்டு நாளு சோறு எறங்கலயே எனக்கு. அய்யோ, இப்படி அநியாயமா பூட்டாளேன்னு."

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன் துக்கத்தை மறைக்கிறார்" என்றார்.

பொய்யை ஏற்றுவது சுலபம். இறக்குவதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் தனசேகரன் வீட்டிலேயே இருந்தார். கல்வராயன் மலையிலிருந்து சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்கி, மறியலில் மாட்டிக்கொண்டு, அங்கே தங்கியிருந்த தர்மன். அவர் ஊர்க் கோயிலில் அவர்தான் பூசாரி. விஷயத்தைக் கேட்டதும் நெடுநேரம் தாடையைத் தேய்த்தார்.

"செத்த ஆளே எதிர்ல நின்னு ஞாயம் பேசிக்கினு இருக்குது. எங்க மலையில இப்படி வழக்கம் இல்லீங்க. இருந்தாலும் கருமாதி செய்யாததாலதான ஆவி கெணத்துல நிக்குது? செஞ்சு அனுப்பிட்டாப் போச்சு. கோழி மட்டும் ஒண்ணு ஜாஸ்தி ஆவும்."

"கருமாதிய யாரு செய்யறது?" என்றான் தனசேகரன். "அய்யனார் மாமாவா?"

அய்யனார் அமிர்தத்தின் கணவர். சாலையில் வெட்டிப்போட்ட புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் விட்டுக் கேட்டார்கள். பதில் உடனே வந்தது. "எனக்காகவா வுழுந்தா? யாருக்காக வுழுந்தாளோ அவரே செய்யட்டும். ஆனா மொட்டை அடிக்கணும். மொட்டை இல்லாம செஞ்சா நான் ஒத்துக்க மாட்டேன்."

இளஞ்செழியனின் கை பிடரிக்குப் போயிற்று. பத்திரிகையில் வருகிற அவருடைய படத்தில் பாதி அந்த முடிதான். தனசேகரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இளஞ்செழியன் ஜிப்பாவைக் கழற்றினார்.

கருமாதி அமர்க்களமாக நடந்தது. கிணற்று மேட்டில் கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, நடுங்கிக்கொண்டு இளஞ்செழியன் கல்லின் முன்னால் உட்கார்ந்தார். செத்தவளுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் அல்லவா? அந்த விஷயத்தில் மட்டும் இந்தக் கருமாதியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "கருவாட்டுக் கொழம்புல கத்தரிக்காய் போடு. புளி கம்மியா ஊத்து" என்று செத்தவளே தூரத்தில் நின்று சொன்னாள். கற்பூரம் ஏற்றியபோது எல்லாரையும்விட ஜாஸ்தியாக அவள்தான் அழுதாள். "போயிட்டியாடி கண்ணு" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கோடிப் புடவையைக் கல்லுக்குச் சுற்றலாமா என்று தர்மன் யோசித்தார். "கல்லுக்கு இன்னாத்துக்கு? இங்க கொடு" என்று அமிர்தம் வாங்கிக்கொண்டாள். படையலையும் அவளே உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கழனியில் இறங்கினாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். தனசேகரன் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். நாற்று பிழைத்தது.

வரப்பிலேயே நிற்க வேண்டிய இளஞ்செழியன் மட்டும் சும்மா இருந்தாரா? டைரக்டர் பார்க்கிறாரே என்று, ஒரு நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு, "நானும் இந்த மண்ணோட புள்ளதான்" என்று கழனிக்கு நடுவே நடந்தார். நேராக, நட்ட வரிசையின் மேலே.

"மிதிக்காத தம்பி!"

சொல்லும்போதே மண்ணாங்கட்டி வந்துவிட்டது. இந்தத் தடவை தலையில். முடி இல்லாததால் சத்தம் நன்றாகக் கேட்டது.

மரங்களை அகற்றி, பஸ் ஓட ஆரம்பித்ததும் அவர் சென்னைக்குத் திரும்பினார். தொடரில் இருபத்தொன்றாம் அத்தியாயம் வந்தது: 'அவளுக்கு என் கையாலேயே கடைசிக் காரியம் செய்தேன். ஊரே சாட்சி.' அந்த அத்தியாயத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சென்னை முன்னிலும் ஜாஸ்தியாக அழுதது. அடுத்த ஆவணி மாதம் தனசேகரன் கடிதம் போட்டான்: 'அமிர்தம் அக்காவுக்குத் தெவசம் வருது. கத்தரிப்பூக் கலர்ல புடவை எடுத்தாரச் சொல்லுது. போன தடவை எடுத்தது சாயம் போயிடுச்சாம்.'

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களே, எந்த பஸ்ஸில் திரும்பினீர்கள்? "எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா" என்று ஆபீஸ் கேண்டீனில் பெருமூச்சோடு சொல்கிறீர்களே, அந்தப் பெண் இருந்தாளா, இருக்கிறாளா? அடுத்த தடவை போகும்போது கிணற்றை எட்டிப் பார்க்காதீர்கள், கழனியைப் பாருங்கள். அவள் அங்கேதான் குனிந்து நட்டுக்கொண்டிருப்பாள். கூப்பிடுங்கள், பேசுங்கள், தப்பில்லை. வரப்பிலேயே நின்று பேசுங்கள். அவளுக்கு இன்னும் குறி தப்புவதில்லை.