இரும்புக்குப் பனி பிடித்தபோது

கேரளம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கன்னத்து அண்ணாச்சியைப் போல இரும்பைக் கொஞ்சுகிற மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய பட்டறை எங்களுடையது. ராணுவத்துக்குப் போகும் டேங்கர்களின் உட்புறத்தில், அமிலம் பட்டாலும் அரிக்காத பூச்சு அடிப்போம். தூத்துக்குடியிலிருந்து வந்து நாலே மாதமான அண்ணாச்சிதான் அதற்கு ஆள். ஸ்பிரே கன்னை எடுக்குமுன் தகட்டில் வலது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடுவார். ஈரம் இருந்தால் அன்றைக்குப் பெயிண்ட் கிடையாது. ஸ்டோர் கீப்பரான நான் ஈரம் பார்க்கும் மீட்டரை நீட்டினால், "இதுக்குக் கன்னம் இருக்கா வே?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மேனேஜர் நல்ல மனிதர், அவசரக்காரர். அவர் விரட்டி அடிக்க வைத்த ஒரு டேங்கரில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பழி அண்ணாச்சி தலையில். இன்னொரு தடவை உப்பினால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த டேங்கர் வந்தது. இரண்டு நாள் அடைமழை. அண்ணாச்சி உள்ளே போய்க் கன்னத்தை வைத்தார், முகம் வாடி வெளியே வந்தார்.

"பனி பிடிச்சிருக்கு சார். இன்னைக்கு முடியாது."

மேனேஜர் பதறினார். "பனி பிடிச்சோ? எந்தா அண்ணாச்சி, நேரத்தே பறயண்டே? போய்க் கிடக்கு!"

அண்ணாச்சி சொன்னது தகட்டில் படிந்த ஈரத்தை; மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். முன்னாடியே சொல்லக் கூடாதா, போய்ப் படு என்கிறார் மேனேஜர். பட்டறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஈரம் என்று விளக்கினால், அதனாலென்ன என்று 'சாரமில்ல, அடி' என்பார். மறுபடி உப்பும், அண்ணாச்சி வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜர் வீட்டிலிருந்து அண்ணாச்சியின் அறைக்குக் கஞ்சியும் பயறும் போயின. அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "கல்லு மாதிரி இருக்கேன், கஞ்சி குடிக்கச் சொல்லுதாவ! என்ன வே நடக்குது?" விஷயத்தைச் சொன்னேன். கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "பயறு நல்லாருக்கு," என்றார்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தகடு காய்ந்தது. அண்ணாச்சி வந்து அடித்தார். பத்து நாள் கழித்து வந்த இன்ஸ்பெக்டர் பூச்சின் மேல் ஒரு சின்ன உலோகக் குமிழை ஒட்டி, கருவி வைத்து இழுத்துப் பார்த்தார். இம்மிகூடப் பெயரவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மனிதருக்குக் கஞ்சி குடித்த மனசாட்சி உறுத்தியது. நேராக மேனேஜரிடம் போனார்.

"சார், அன்னைக்குப் பனி எனக்கு இல்ல. இரும்புக்கு."

"இரும்பினு பனியோ!" மேனேஜர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று மேலும் இரண்டு நாள் லீவு கொடுத்தார்.

அந்த இரண்டு நாளும் பட்டறை வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கேட் பக்கம் "என்ன வே!" என்ற குரல் கேட்டதும், எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.