முதுகுவலிக்கு ஐந்து மார்க்

"திங்கட்கிழமை முதல் நான் மேனேஜர்!"

கத்திக்கொண்டே ஓடி வந்தார் என் வீட்டுக்காரர். இருபது வருடமாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். ஸ்டூல்மேல் நின்று சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது போல. கை இடுப்புக்குப் போனது. முகம் சுருங்கியது.

மூன்று வாரமாக முதுகுவலி. பெயின்ட் டப்பா வீட்டுக்குள் வந்த அன்று வந்த வலி. டப்பா காலியானால்தான் போகும்!

"திங்கட்கிழமை பரீட்சை. பாஸானா அன்னிக்கே மேனேஜர். இங்கிலீஷ்ல வாக்கியம் எழுதணும். அவுட்செட், ஆன்செட், ஆன்ஸ்லாட். எல்லாம் ஆரம்பம்தானே?"

"போன தடவையும் அப்படி நெனச்சுத்தானே 'புது அதிகாரியின் ஆன்ஸ்லாட்டை வரவேற்கிறோம்'னு எழுதினீங்க?"

"அதைப் படிச்சு அதிகாரி சிரிச்சாரே!"

"சிரிச்சுட்டு வேற ஆளை மேனேஜர் ஆக்கினாரே!"

இறங்கி வந்தேன். "கவனிங்க. ஒரு காரியத்தைத் தொடங்கறப்பவே, முதல்லயேன்னா அவுட்செட்."

"உதாரணம்?"

"கல்யாணத்தோட அவுட்செட்லயே நான் முழிச்சிருக்கணும். அடுத்தது, ஆன்செட். வேண்டாதது வந்து பிடிக்கிற நேரம். காய்ச்சல், வழுக்கை, குளிர்காலம்."

"உங்கம்மா வர்றது?"

"அதை ஆன்ஸ்லாட்ல சேர்க்கத்தானே பார்க்கறீங்க? நாக்கை மடிங்க. மூச்சு விடாம பாய்ஞ்சு தாக்கினா ஆன்ஸ்லாட். புயல், எதிரிப்படை, அந்த மாதிரி."

"அதாவது நீ."

பல்லைக் கடித்துக்கொண்டேன். இடுப்பிலிருந்த அவர் கை எப்போதோ இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் மணி அடித்தது.

"எங்க கான்வென்ட்ல ஒரு சிஸ்டர் இருந்தாங்க. பொல்லாதவங்க. எழுதற வாக்கியம் நெஜமா நம்ம வாழ்க்கையில நடந்ததா இருக்கணும். அப்பதான் அஞ்சுக்கு அஞ்சு. கட்டுக்கதைன்னா முட்டை. ஆனா அவங்ககிட்ட படிச்சவங்க யாரும் பரீட்சையில தோத்ததே இல்ல."

"அவ்வளவுதானா? எழுதிக்கோ! புயலின் ஆன்ஸ்லாட்டில் கப்பல் கவிழ்ந்தது!"

"நீங்க எப்ப கப்பல்ல போனீங்க? முட்டை."

"முட்டையா? எனக்கா?" மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கினார். நாக்கு நுனி வெளியே தெரிய, பத்து நிமிஷம் விடாமல் எழுதினார். எழுந்து நின்று முழங்கினார்:

"பெயின்ட் வேலையின் அவுட்செட்டிலேயே தப்பித்துவிட முடிவு செய்தேன். டப்பாவைக் கண்டதும் என் முதுகுவலியின் ஆன்செட்! மனைவியுடைய கேள்விகளின் ஆன்ஸ்லாட்டை முனகியே முறியடித்தேன்! எப்படி? மூணு வார்த்தை, ஒரே கதை!"

"பிரமாதம்! அஞ்சுக்கு அஞ்சு!"

குதித்தார் பாருங்கள், விட்டத்தைத் தொட்டுவிடுவது போல! தரைக்கு வந்தபோதுதான் படித்தது உறைத்தது. கை மறுபடி இடுப்பைத் தேடியது.

"அது... சும்மா கற்பனை."

"கற்பனையா? அப்ப முட்டை."

"இல்ல இல்ல, நெஜம்!"

"நெஜம்னா பிரஷ் இந்தாங்க."

"நடுவுல ரெண்டரை மார்க் கிடையாதா?"

கிடையாது. அவர் ஸ்டூலில் ஏறினார். அவர் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை என் முதுகுக்கு வைத்து நான் சாய்ந்துகொண்டேன். இரண்டு சுவர் முடிந்ததும் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அந்த சிஸ்டர் இப்ப எங்கே இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? நீங்க கையை இடுப்புலேருந்து எடுத்தப்பதான் பிறந்தாங்க."