அடுத்த குளிர்காலம் கிளம்புகிறவர்

ஆஸ்திரேலியாவில் எங்கள் டூவூம்பா நகரில் ஓர் இனம் இருக்கிறது. அதற்குச் சிறகு கிடையாது. ஆனால் பறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, சட்டைப் பையில் அளவு நாடா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கேக்கின் மேல் கத்தியை வைத்தபடியே, வீட்டை விற்றுவிட்டு, உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய ஒரு கேரவன் வாங்கி, அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஆஸ்திரேலியாவை ஒரு சுற்று சுற்றி, அது முடிந்ததும் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று சுற்றப் போவதாக அறிவித்திருப்பார். கூடியிருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். அலுவலகத்தார் ஒரு மடக்கு நாற்காலி பரிசளித்திருப்பார்கள். அதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகியிருக்கும். நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கார் கொட்டகையில் சாய்ந்திருக்கும். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அடுத்த குளிர்காலம்" என்பார். போன குளிர்காலமும் அதைத்தான் சொன்னார்.

அவர் ஊர் சுற்றுகிறவர் இல்லை. ஊர் சுற்றப் போகும் வண்டியைச் சுற்றுகிறவர்.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி எங்கள் தெருவிலேயே இருந்தார். பதினேழாம் எண் வீட்டு நெவில் ஷோல்ஸ். நகரக் குடிநீர்த் துறையில் முப்பத்தோரு வருடம் குழாய் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்குக் குழாய் இல்லாமல் போனதால் கேரவன்களை அளக்க ஆரம்பித்தார். பிரிஸ்பேனில் வருடா வருடம் நடக்கும் கேரவன் கண்காட்சிக்கு மற்றவர்கள் ஒருநாள் போவார்கள். நெவில் ஐந்து நாளும் போவார், ரொட்டிக்குள் முட்டை வைத்துக் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஏறி, செருப்பைக் கழற்றி, கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, சரியாக மூன்று நிமிடம் கிடப்பார். பிறகு எழுந்து, கழிப்பறைக்குள் போய், கதவைச் சாத்தி, உடையோடு உட்கார்ந்து, முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை விரல்கடை என்று பார்ப்பார். வெளியே வரிசையில் நிற்கும் குடும்பங்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்.

வீட்டுக்கு வந்தால் கணினி. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளின் பட்டியல். இழுத்துப் போகும் வண்டியா, தானே ஓடும் வண்டியா? ஓர் அச்சா, இரண்டு அச்சா? நடுவே போட்ட கட்டிலா, குறுக்கே போட்ட கட்டிலா? குறுக்கே போட்டால் உள்பக்கம் படுத்தவர் எழுந்து போக வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்ட வேண்டுமே, யார் உள்பக்கம்? இந்த ஒரு கேள்விக்கே ஒரு குளிர்காலம் போனது.

விலையிலும் அவருக்கு ஒரு தத்துவம் இருந்தது. புதுவண்டி கடை வாசலைத் தாண்டிய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்துவிடும், ஆகவே புதிது கூடாது. பழைய வண்டி ஒழுகும், ஆகவே பழையது கூடாது. இரண்டு வருடம் ஓடிய வண்டிதான் சரி. அதை விற்கிறவர் உடம்பு சரியில்லாமல் விற்க வேண்டும், ஆனால் வண்டியைத் துடைத்து வைக்க முடியாத அளவுக்கு மோசமாகிவிடக் கூடாது. அப்படிப்பட்ட அளவான நோயாளியை அவர் மாநிலம் முழுக்கத் தேடினார்.

எடை என்ற பூதம் வந்தது நான்காம் வருடம். கார் இன்ன எடைக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உடனே சமையலறைத் தராசில் கரண்டி, கெட்டில், ஜாம் புட்டி, மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாம் ஏறி இறங்கின. ஒருநாள் மாலை ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"நோலின், நீ எவ்வளவு இருப்ப?"

"எதுல?"

"கிலோல."

நோலின் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "என்னை விட்டுட்டுப் போனா உனக்கு எவ்வளவு மிச்சமாகும்னு முதல்ல எழுதிக்கோ. அப்புறம் பேசலாம்."

நோலினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல் மருத்துவமனை ஒன்றில் இருபத்தாறு வருடம் வரவேற்பு மேசையில் இருந்தவள். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்று: வடக்கே கரும்பாவில், கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் கையில் ஒரு தட்டு இறாலோடு பார்க்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கும் ஒவ்வொரு மே மாதமும் ஒரு பெட்டியில் கம்பளியும் தொப்பியும் எடுத்து வைப்பாள். குளிர் முடியும் ஒவ்வொரு செப்டம்பரிலும் திரும்ப எடுத்து அலமாரியில் அடுக்குவாள். ஆறாவது செப்டம்பரில் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டுத் தரகரைக் கூப்பிட்டாள்.

"வீடு வித்தா நீ முடிவு பண்ணித்தானே ஆகணும், நெவ்?"

"வீடு விக்க வருஷக் கணக்காகும்" என்று நெவில் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாளில் விற்றுப்போனது. நாற்பத்திரண்டு நாளில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இப்போது நீங்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் குடிக்கும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார், குடிக்க மாட்டார். ஒருவழியாக நோலினையும் கூட்டிக்கொண்டு மெர்வ் என்பவரின் கேரவன் கடைக்குப் போனார். ஆறு வருடமாக அங்கே நெவிலுக்கென்று தனிக் கோப்பையே இருந்தது.

"வாப்பா நெவ்" என்றார் மெர்வ். "இன்னிக்கு எதுல படுக்கப் போற?"

"இன்னிக்கு வாங்கப் போறேன்."

மெர்வ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நெஞ்சு வலி வர்ற வயசு. நிதானமா சொல்லு."

நிஜமாகவே வாங்கினார். இருபத்திரண்டு அடி, உள்ளேயே குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர். வீடு விற்ற பணம் வந்ததும் மீதி, இப்போதைக்கு முன்பணம் ஐயாயிரம். மெர்வின் மனைவிகூட உள்ளேயிருந்து வந்து கைகுலுக்கினாள். நோலின் பிரமித்துப்போய் ஒரு பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப ஒரு ரவுண்டு இழுத்துப் பாத்துடு" என்று மெர்வ் வண்டியை நெவிலின் காரில் மாட்டிவிட்டார். "தெருக் கோடி வரைக்கும் போ. திரும்பி வந்து ரிவர்ஸ்ல இதே இடத்துல விட்டுடு."

நெவில் காரில் ஏறினார். இஞ்சின் ஓடியது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. இஞ்சின் நின்றது. நெவில் இறங்கி, நேரே கேரவனுக்குள் போய், அளவு நாடாவை இழுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கட்டில் நாலு சென்டிமீட்டர் குறையுது மெர்வ். அவசரப்படக் கூடாது. வாழ்க்கையில ஒரே தடவை வாங்கறது."

முன்பணம் திரும்பி வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் நோலின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோபம் என்று நெவில் நினைத்துக்கொண்டார். கோபமில்லை. பல் பிடுங்க வந்தவர்கள் முதலில் எதைக் குறை சொல்வார்கள் தெரியுமா? வண்டி நிறுத்த இடமில்லை என்பார்கள். அப்புறம், நாற்காலி உயரம். அப்புறம், சுவர்க் கடிகாரம் தப்பு. இருபத்தாறு வருடம் அதைக் கேட்டவளுக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்த பிறகு, நாலு சென்டிமீட்டர் என்றால் என்னவென்று விளங்காதா? அவருக்கு ஏதோ பயம் என்று முன்பே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்போது உறுதியாயிற்று.

நோலின் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போகும் லான் பௌல்ஸ் கிளப்பில் ஐவி என்று ஒரு பெண்மணி. கணவரோடு பதினோரு வருடம் கேரவனிலேயே வாழ்ந்தவள். அவர் இறந்தபிறகு வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, துணி போட்டு மூடிவைத்திருந்தாள். மறுநாள் நோலின் ஐவியின் வீட்டுக்குப் போனாள்.

"கூரை ஒழுகுமா?"

"ஒரே ஒரு தடவை. பாத்திரம் வச்சோம்."

"கட்டில் நீளம் போதுமா?"

"நாங்க தூங்கினோமே."

"கழிப்பறையில முழங்கால் இடிக்குமா?"

ஐவி கொஞ்சம் யோசித்தாள். "கதவைத் திறந்து வச்சுக்கிட்டா இடிக்காது. வெளிய காடுதானே, யார் பாக்கப் போறா?"

விசாரணை முடிந்தது. நோலின் கட்டிலில் படுத்துப் பார்க்கவில்லை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் விலை பேசி, தன் சேமிப்பிலிருந்து செல்போனிலேயே பணம் அனுப்பி, ஐவி சாவியைக் கொடுத்து, இருவரும் கொஞ்சம் அழுது, கொஞ்சம் சிரித்தார்கள். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளில் முடியாத காரியம்.

அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் பார்த்ததை எங்கள் தெரு இன்றும் பேசுகிறது. காய்கறி வாங்கப் போவதாகக் காரை எடுத்துப் போன நோலின், பின்னால் ஒரு கேரவனோடு திரும்பி வந்தாள். பதினேழாம் எண் வீட்டு வாசல் வழியோ குறுகல். ஒரு பக்கம் தபால் பெட்டி, மறு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார். அவர் ஓடிவந்து தன் காரின் முன்னால் கையை விரித்து நின்றார். நோலின் தெருவில் நேராக முன்னே போய், நின்று, கண்ணாடியைப் பார்த்து, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, டிராயரை மேசைக்குள் தள்ளுவதுபோல வண்டியை ரிவர்ஸிலேயே உள்ளே தள்ளினாள். ஒரே தடவையில். கையை விரித்து நின்றவர் விரித்த கைகளைச் சேர்த்துக் கைதட்டினார்.

நெவில் வாசற்படியில் நின்றிருந்தார். அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை.

"இதை எப்பக் கத்துக்கிட்ட?"

"செவ்வாய்க்கிழமைல."

"செவ்வாய்க்கிழமை பாட்டுக் குழுவுக்குத்தானே போற?"

"என் பாட்டைக் கேட்டிருக்கேல்ல. என்னை எந்தக் குழுவுல சேப்பாங்க? என் தோழி ஷீலாவோட குதிரை டிரெய்லரை வச்சு ஒரு வருஷமா மைதானத்துல ரிவர்ஸ் எடுத்தேன். மூணு வேலிக் கம்பம் போச்சு."

நெவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, புல்லைப் பார்த்துக்கொண்டே, ஆறு வருடம் சொல்லாததைச் சொன்னார். எண்பத்தேழாம் வருடம், ஹெர்வி பே கடற்கரை. அண்ணனின் படகு, அதைச் சுமந்த டிரெய்லர், தண்ணீருக்குள் இறங்கும் சரிவு. நோலின் அப்போது பிள்ளையோடு ஊரில் இருந்தாள்.

"பின்னாடி எடுக்கச் சொன்னாங்க. நான் இடது பக்கம் திருப்பினா அது வலது பக்கம் போச்சு. படகு கரையில நிக்குது, அண்ணன் காரு கடல்ல. முப்பது பேரு பாத்தாங்க. ஒருத்தன் மார்க் போட்டான்."

"எவ்வளவு?"

"பத்துக்கு ஒம்பது."

நோலின் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அதுக்காகவா ஆறு வருஷம் கட்டிலை அளந்த?"

"கட்டிலும் சின்னதுதான்" என்றார் நெவில், ஆனால் குரலில் உயிரில்லை.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நெவ். முன்னாடி போறதை நீ ஓட்டு. பின்னாடி போறதை நான் பாத்துக்கறேன். வியாழக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பறேன். வரியா, இல்ல கணினியோட இருக்கப் போறியா?"

வியாழக்கிழமை நெவில் முன்னிருக்கையில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தார். டால்பி என்ற ஊரைத் தாண்டும்வரை அறுபது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் பதினாறு லாரிகள் ஊர்வலமாக வர, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நேர்ச்சாலை வந்தது. எண்பது தொட்டார். எமு பறவை ஒன்று கொஞ்ச தூரம் வேலியோரம் கூடவே ஓடியது. அதைத் தாண்டியதும் தொண்ணூறு தொட்டு, ஜன்னலை இறக்கி, யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தார். அவர் குரலும் எந்தக் குழுவிலும் சேர்க்கக் கூடியதல்ல. நோலினும் சேர்ந்துகொண்டாள். கரும்பாவில் மூன்று வாரம் தங்கினார்கள் என்றும், சூரியன் சொன்ன நேரத்துக்குக் கடலில் இறங்கியது என்றும், பெலிக்கன் பறவை ஒன்று நோலினின் தட்டிலிருந்து இரண்டு இறாலைக் கொண்டுபோனதென்றும் தபால் அட்டை வந்தது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அதே அட்டையின் ஓரத்தில், பொடி எழுத்தில், நெவில் எனக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: கூரைமேல் சோலார் தகடு போட வேண்டும், பதினோரு வகை பார்த்தாகிவிட்டது, அவசரப்பட விருப்பமில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கென்ன, நாம் கேரவன் வாங்கப் போகிறவர்களா? ஒரு மிக்ஸி வாங்க நாற்பது பேரின் மதிப்புரையைப் படித்தது வேறு விஷயம். மூன்று வருடமாக ஒரு மனை பார்த்து, ஒவ்வொரு மனைக்கும் ஒரு மூலை சரியில்லாமல் போனது வேறு விஷயம். யாரிடமோ சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பது முற்றிலும் வேறு விஷயம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐவியின் வண்டி எத்தனை அடி, என்ன விலைக்கு முடிந்தது என்று இந்த ஆள் சொல்லவே இல்லையே என்று நடுவில் ஒரு கணம் எரிச்சல் வந்ததா?

வந்ததல்லவா? சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்பீர்கள்.