ராமேஸ்வரத்துக்கு லீவு

வாயைத் திறக்காமல் இருந்தால் வம்பு வராது என்று நம்பித்தான் வளர்ந்தேன். அது பொய். நாம் பேசாமல் விட்டதை எல்லாம் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள்.

தொண்ணூற்றொன்றில் நடந்தது. அந்த வருஷம் வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. அது பெரிய துக்கம். நான் சொல்வது அதற்கு முன்னால், மாசியில். சின்னத் துக்கம். அதுவும் நடக்காத துக்கம்.

ஒரகடம் பக்கம் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் எனக்கு வேலை. எட்டாவது ஃபெயில். (ஏழாவதே வாத்தியார் பாவம் பார்த்துப் போட்ட பாஸ்தான்.) குன்றத்தூரிலிருந்து கஸ்தூரியைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரே அறை. நடுவில் அம்மாவின் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தோம். திரைக்கு இந்தப் பக்கம் நானும் கஸ்தூரியும். அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் அப்பாவின் இருமலும். நான் திரும்பிப் படுத்தால் அப்பா, "இன்னாடா, தூக்கம் வரலியா?" என்பார். நான் பிறவியிலேயே பேச்சு குறைவு. அந்த வீட்டில் இருந்த பேச்சும் போய்விட்டது.

கம்பெனி கேன்டீனில் பழைய காலண்டர் ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தார்கள். நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரம், மரத்தடியில் இரண்டு நாற்காலி. எடுத்துக்கொண்டு போய்க் கஸ்தூரியிடம் கொடுத்தேன்.

"ஏங்க, இது எங்க கீது?"

"தீவு."

"ரெண்டே ரெண்டு நாற்காலி போட்டுக்கீறாங்க," என்றாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "நான் இன்னும் கடலே பார்த்ததில்ல."

கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். கல்யாணமானதிலிருந்து நானாக அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு அது.

எனக்குத் தெரிந்த தீவு ஒன்றுதான். ராமேஸ்வரம். லேத்து முனியசாமி அந்தப் பக்கத்து ஆள். அவன் தாய்மாமன் அங்கே விடுதி வைத்திருந்தார். முனியசாமியிடம் போய், "கடலைப் பார்த்த ரூம் வேணும். ரெண்டு பேருக்கு," என்றேன்.

அவன் மிஷினை நிறுத்தினான். என் தலையைப் பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

இங்கே என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின மாசம் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நல்லபடியாகத் திரும்பினால் மொட்டை போடுகிறேன் என்று குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். திரும்பினார். போட்டேன். மீசையையும் எடுத்துவிட்டேன். (அரைகுறையாகக் கொடுத்தால் முருகன் என்ன நினைப்பார்?) வேலைக்குப் போனபோது அப்பா எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மொட்டையைப் பார்த்தார்கள், மீசை போன இடத்தைப் பார்த்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள். கேட்காததற்கு நான் எப்போதும் பதில் சொன்னதில்லை.

அடுத்து சூப்பர்வைசர் தணிகாசலம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. லீவு கேட்டால் மூன்று நாள் யோசிப்பார்.

"வெள்ளி, சனி லீவு வேணும் சார்."

"எதுக்கு?"

"ராமேஸ்வரம்."

பெண்டாட்டியோடு போகிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். கண்கூடக் கலங்கியிருக்கும்.

தணிகாசலம் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "போயிட்டு வாப்பா. செய்ய வேண்டியத செஞ்சுதான ஆவணும்," என்றார்.

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க உலகமே நல்லதாக இருந்தது. கேன்டீனில் எனக்கு மட்டும் முதலில் பரிமாறினார்கள். யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. பேக்கிங் எல்லம்மா அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்தினாள். சளி என்று நினைத்தேன். முனியசாமி ரயில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "மாமாட்ட சொல்லியாச்சுண்ணே. ஐயருக்கும் சொல்லியாச்சு. காலைல ஆறு மணிக்கு ரெடியா இருங்க. எள்ளு, பச்சரிசி எல்லாம் அங்கயே இருக்கும், நீங்க தூக்கிட்டு வரவேணாம்," என்றான்.

பெரிய விடுதிகளில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஐயர் வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எள்ளு எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எள்ளுருண்டையாக இருக்கும்.

வீட்டில் ராமேஸ்வரம் என்று மூச்சு விடவில்லை. விட்டால் அம்மா நானும் வரேன் என்பாள். அம்மா வந்தால் அப்பாவும், அப்பா வந்தால் இருமலும் வரும். குன்றத்தூருக்கு, கஸ்தூரியின் தாய்வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டில் சாயங்காலம் ரயில். சிங்கப்பெருமாள் கோவில் போய்விட்டால் அங்கிருந்து சுலபம். கஸ்தூரி நீலப் புடவை கட்டியிருந்தாள். காலண்டர் கடலின் அதே நீலம். பையில் காலண்டரையும் மடித்து வைத்திருந்தாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் படியிறங்கினோம்.

தெருமுனையில் கம்பெனி டெம்போ திரும்பியது.

முதல் ஷிப்டு முடித்த மொத்தப் பேரும் அதில் இருந்தார்கள். முன்னால் தணிகாசலம், மடியில் ரோஜா மாலை. வண்டி நிற்பதற்குள்ளேயே பேக்கிங் பெண்கள் குதித்தார்கள். எல்லம்மா அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"அய்யோ, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே ராசா!"

நேராக உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி அழுதால் இன்னொருத்தி காரணம் கேட்கமாட்டாள். முதலில் அழுதுவிட வேண்டும், பிறகுதான் விசாரணை. அம்மாவும் ஓவென்று அழுதாள். சுற்றி உட்கார்ந்த பேக்கிங் செக்‌ஷனும் அழுதது. நடுவில் எல்லம்மா அக்கா மட்டும் அழுகையை நிறுத்தி, "இன்னாக்கா, இன்னும் பூ வெச்சுனுகீற?" என்று கேட்டாள்.

தணிகாசலம் மாலையோடு வாசலில் நின்றார். அவர் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அப்பா மரியாதை தெரிந்தவர். கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"உக்காருங்க சார். யாரு தவறிட்டாங்க?"

"இந்தப் பையனோட அப்பா. பெரியவரே, நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"நான்தான் அது," என்றார் அப்பா.

உள்ளே அழுகை நின்றது. தெருவே நின்றது. முனியசாமி மட்டும் மெதுவாக, "அண்ணே, அப்ப ஐயரு?" என்றான்.

தணிகாசலம் என்னிடம் வந்தார். "டேய், அப்ப எதுக்குடா ராமேஸ்வரம்?"

மொத்த ஷிப்டும் என் வாயைப் பார்த்தது. அம்மா பார்த்தாள். பையோடு நின்ற கஸ்தூரி தரையைப் பார்த்தாள். ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் என் மொட்டைத்தலையை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது?

"இவ கடல் பார்த்ததில்ல சார். எங்க வூட்டுல ஒரே ரூமு. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஒரு நாள் தனியா இருக்கலாம்னு."

அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பேக்கிங் செக்‌ஷன் சிரித்த சிரிப்பு வாலாஜாபாத்தில் கேட்டிருக்கும்.

தணிகாசலம் சிரிக்கவில்லை. "நான் குடுத்தது துக்கத்துக்கு லீவு. இதுக்கு இல்ல. நாளைக்கு ஷிப்டுக்கு வந்து சேரு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்ச ஆசையையும் முடித்துவைத்தாள். "அழுகைச் சத்தம் கேட்ட வூட்லேர்ந்து வெளியூர் கெளம்பக் கூடாது. பைய உள்ள வெய்யி."

கஸ்தூரி பையை வைத்தாள். நீலப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த அத்தனை பேருக்கும் டீ போட்டாள். டம்ளர் போதாமல் சொம்பில், கிண்ணத்தில் எல்லாம் கொடுத்தாள். எனக்குக் கடைசியாக வந்தது. சர்க்கரை இல்லை.

அப்பாதான் முதலில் பேசினார். அதுவரை மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வண்டி எதுக்குன்னு சொல்லி எடுத்தாந்தீங்க?"

"துக்கத்துக்கு."

"மாமல்லபுரம் வரைக்கும் வுடுங்க. கரைக்கப் போனோம்னு சொல்லிடுங்க."

"ஆளு உயிரோட இருக்கும்போது எத கரைக்கறது பெரியவரே?"

அப்பா மாலையைக் காட்டினார். "இத."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று கம்பெனிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மாவும், வெளியூர் வேறு மாமல்லபுரம் வேறு என்று தானே முடிவு செய்து முதல் ஆளாக ஏறினாள்.

இப்படித்தான் எங்கள் முதல் கடல் பயணம் நடந்தது. டெம்போவில் எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் எல்லம்மா அக்கா, அம்மா, முனியசாமி. அப்பா இருமியபடி முன்சீட்டில், மடியில் தன்னுடைய மாலை. வெயில் தாழும் நேரத்தில் கரையில் இறங்கினோம். கஸ்தூரி முழங்கால் நனைய நின்றாள். நான் பக்கத்தில் போவதற்குள் பேக்கிங் செக்‌ஷன் அவளைச் சுற்றி நின்றுகொண்டது.

அப்பா மாலையைத் தண்ணீரில் விட்டார். அலை அதை அவர் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. மறுபடி விட்டார். மறுபடி வந்தது.

"கடலே வேணாங்குது மாமா," என்றாள் கஸ்தூரி. டீக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

"இது வெறும் கரைம்மா," என்றார் அப்பா. "உன்ன அந்தத் தீவுக்கு நான் அனுப்பி வெக்கிறேன் பாரு. என் பொறுப்பு."

அதற்குப் பிறகு குழந்தைகள், ஓவர்டைம், வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். (திரையை அது எழும்பிய அன்றைக்குத்தான் அவிழ்த்தோம்.) தீவு தள்ளிக்கொண்டே போனது. செத்ததாகப் பேர் வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். அப்பா பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் வரை இருந்தார்.

அவர் இறந்துபோன அன்றைக்குத் தணிகாசலத்திடம் போய் நின்றேன். "அப்பா போயிட்டாரு சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த தடவ எந்த ஊரு? ஊட்டியா?"

நான் தலையைக் குனிந்தேன். அந்தத் தலைகுனிவை அவர் ஏற்கெனவே ஒரு தடவை நம்பியவர். ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாலை வாங்கினார். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அஸ்தியை எடுத்துக்கொண்டு நானும் கஸ்தூரியும் ராமேஸ்வரம் போனோம். கால்வலி என்று அம்மா வரவில்லை. முனியசாமியின் மாமா அன்றைக்கு எங்களுக்கென்று சொல்லி வைத்த அதே அறையைத்தான் கொடுத்தார். ஐயர் வந்தார். எள்ளு இருந்தது. இந்த முறை எதற்கென்று தெரிந்தது. காரியம் முடித்துத் திரும்பிய பிறகு கஸ்தூரி ஜன்னலைத் திறந்தாள். கடல். பக்கத்தில் யாரும் இல்லை. இருமல் இல்லை. அறையில் இரண்டு நாற்காலி கிடந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

அவள், "மாமா சொன்ன மாதிரியே அனுப்பி வெச்சுட்டாரு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

இப்போதும் வீட்டில் யாராவது ஊருக்குப் போகப் பை எடுத்தால் என் மகள் விடமாட்டாள். "அப்பா, கம்பெனிக்கு ஒழுங்கா சொல்லிட்டியா? இல்ல, மாலையோட வந்து நிக்கப் போறாங்களா?"

நான் பதில் சொல்வதில்லை. அதுதான் பிரச்சினை என்பாள் கஸ்தூரி.