மடக்கு நாற்காலிக்கு ஆட்சேபம்

மல்லேஸ்வரம், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. சந்திரன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவி அம்புஜமும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் என் சிறுகதையை 'இடமின்மை காரணமாக' என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பியவர் நீங்கள்தான் என்பதை இந்த விருப்பத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

அகதிகள் எழுதிய கதைகளை நீங்கள் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் ஐரின் எழுதிய 'மடக்கு நாற்காலி' கதையில் வருகிற ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், ஆட்சேபமில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் அது அச்சுக்குப் போகும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று கேட்டிருந்தீர்கள். ஆட்சேபம் இருக்கிறது. கதையை நீக்கிவிடுங்கள்.

பிரேசர் டவுனில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன் நான். பிறகு வந்த தேர்தலில் கோவிந்தப்பா ஒரே ஓட்டில் என்னைத் தோற்கடித்தார். அந்த ஓட்டைப் போட்டவர்தான் இதை எழுதும்போது எனக்குக் காபி கொண்டுவந்து வைக்கிறார். அன்றிலிருந்து வட்டத்து நாற்காலியில் உட்காருவதில்லை என்று வைராக்கியம். மாதாமாதம் வீட்டிலிருந்து என் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் கண்டக்டர், "குர்ச்சிகூ டிக்கெட் தகொள்ளி சார்" என்று அதற்கும் ஒரு டிக்கெட் கிழிக்கிறார். வாங்கிக்கொள்கிறேன். பதினோரு வருடமாக. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இலக்கியத்தின் மூலம் அகதிகளுக்குக் குரல் கொடுப்பது என்ற யோசனையே என்னுடையது. கோவிந்தப்பா தன் பெயரில் நோட்டீஸ் அடித்துக்கொண்டார், அது வேறு கதை. எழுத்துப் பட்டறைக்கு அகதிகள் திரண்டு வருவார்கள் என்று முப்பது பேருக்கு வடை சொல்லியிருந்தோம். வந்தவர் ஒருவர், ஐரின். எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்து, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, இப்போது பிரேசர் டவுனில் தையல் கடை வைத்திருப்பவர். அவருக்கு எதிரே கைக்குட்டையும் கையுமாக இருபத்தெட்டு உறுப்பினர்கள். நான் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று, ஒரு அகதிப் பெண் சொல்வதுபோல் நானே எழுதிய 'நிலவில் நனைந்த படகு' கதையை வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா படகில ஒருத்தரும் நிலாவைப் பாக்கேல்ல. எல்லாரும் சத்தியெடுத்துக்கொண்டு இருந்தம். அம்மா என்ர சட்டையிலதான் எடுத்தவ" என்றார். வாந்திக்கு அவர்கள் ஊரில் சத்தி என்று பெயர். பதினேழு பக்கத்தில் நான் ஒரு வாந்திகூட வைக்கவில்லை என்பது உண்மைதான். கோவிந்தப்பா விடுவாரா? "ஏம்மா, மனசு உருகுற மாதிரி ஏதாச்சும் சொல்லேன்" என்று கெஞ்சினார். "சார், உங்கட மனுசியின்ர பிளவுஸ் மூண்டு மாசமா கடையில கிடக்கு. வந்து எடுக்கச் சொல்லுங்கோ, என்ர மனசு உருகும்" என்றார் ஐரின்.

'இருந்த இடத்தை இழந்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள், அவர் மனதுக்குள் போய்ப் பாருங்கள்' என்று பயிற்சி கொடுத்தவனும் நான்தான். அவர் தன்னைப் பற்றி எழுதுவார் என்றுதானே ஐயா யாரும் நினைப்போம்? அடுத்த மாதம் வந்து என்னை வாசித்தார். பதவி போன நாளிலிருந்து தன் தேசத்தை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறும் ஒரு மனிதர். கூடமே சிரித்தது. அம்புஜம் பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். அப்புறம் இந்த இடம் வந்தது: 'அவருடைய நாற்காலிக்குக்கூட டிக்கெட் இருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து வருடமாக எந்த நாடும் ஒன்று கிழித்துத் தரவில்லை. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எங்கும் இடித்துவிடாமல் அவர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். அம்மா என்னைப் படகிலிருந்து இறக்கியதும் அப்படித்தான்.'

சிரிப்பு நின்றுவிட்டது. கோவிந்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "ரகு, வாப்பா, இதுல உக்காரு" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். வாழ்நாளில் நான் இப்படி அவமானப்பட்டதில்லை. பதினோரு வருடம் கஷ்டப்பட்டு வளர்த்த பகை அது. ஒரு தையல்காரர் எட்டே பக்கத்தில் பிரித்துப் போட்டுவிட்டார். நேராகவே கேட்டேன்: "ஏம்மா, எழுத உங்களுக்குச் சொந்தக் கஷ்டமே இல்லையா?" "இருக்கு சார். அதை எல்லாரும் கேட்டிட்டினம். உங்களைத்தான் ஒருத்தரும் கேக்கேல்ல." கோபமாக வெளியேறலாம் என்று நாற்காலியை மடக்கினேன், விரல் மாட்டிக்கொண்டது. அதையும் அந்த அம்மாதான் விடுவித்து, பிளவுஸ் துணியில் கட்டுப் போட்டார்.

ஆகவே அந்தக் கதையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'நிலவில் நனைந்த படகு' கதையைப் போடவும். இணைத்திருக்கிறேன். வாந்தி சேர்த்துத் திருத்தியாகிவிட்டது.

தங்கள் குடும்பத்தாருக்கு என் அன்பும், தங்கள் இதழின் அறுபத்து நான்கு சந்தாதாரர்களுக்கும் என் ஆசிகளும்.

இப்படிக்கு,
மனம் புண்பட்ட
ரகுராம்

பி.கு.: மூன்றாம் பக்கத்தில் நாற்காலி நீலம் என்று வருகிறது. பச்சை. மஞ்சள் நாடா. அச்சுக்குப் போகும்முன் திருத்தவும். ஆட்சேபமில்லைக் கடிதம் உள்ளே இருக்கிறது. அம்புஜம் வைத்தது என்று சந்தேகப்பட வேண்டாம், கையெழுத்து என்னுடையதுதான். என் கதையை வழக்கம்போலத் திருப்பி அனுப்பிவிடவும். ஐரினைப் பற்றிய குறிப்பில் 'அகதி' என்று போட வேண்டாம், 'தையல்காரர், எழுத்தாளர்' போதும். 'முன்னாள் செயலாளர்' என்று என்னை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு முறையும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்காலி இப்போது அவர் கடையில், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு. போன ஞாயிறு கூட்டத்தில் வட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. கோவிந்தப்பா நிர்வாகம்.