இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு

எங்க கல்யாணத்தோட இருபத்தஞ்சாம் வருசத்துக்கு ஊரே வாயப் பொளக்குற மாதிரி ஒண்ணு செய்யணும்னு சபதம் எடுத்தேன். பிளெக்ஸ் கிடையாது. அருப்புக்கோட்டையில நாய்க்குட்டி பொறந்தாக்கூட பிளெக்ஸ் வைக்கிறாங்க. நான் வச்சது வெப்சைட்டு!

பாத்திரக்கடைக்காரனுக்கு இது தேவையான்னு கேக்காதீங்க. வீடியோ பாத்து நானே படிச்சேன். கல்யாண ஆல்பத்துல இருந்த இருநூறு போட்டோவையும் ஏத்தினேன். பின்னால நாதஸ்வரம், மேலருந்து கொட்டுற ரோஜாப்பூ. கல்யாண நாளுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு.

முதல்ல காட்டினது என் சம்சாரம் சௌந்தரத்துக்கு. அவ போன்ல தொறந்தா ஒரு வட்டம் சுத்துச்சு. அவ அடுப்படிக்குப் போயி, சாம்பாரக் கொதிக்க வச்சு, எறக்கிட்டு வந்து பாத்தா அப்பவும் சுத்துது.

"ஏங்க, நீங்க தாலி கட்டக்கூட இம்புட்டு நேரம் ஆகலையே?"

சுருக்குன்னு இருந்துச்சு. கல்யாண நாளுக்குள்ள அவ போன்ல மூணு செகண்டுல தொறக்க வைக்கலேன்னா நான் சுப்புராஜ் இல்ல!

வழக்கமா கடையச் சாத்தினதும் நேரா பஸ் ஸ்டாண்டு டீக்கடை. சேக்காளிகளோட பேசி முடிச்சு, சோறு ஆறினப்புறந்தான் பாளையம்பட்டியில இருக்குற வீட்டுக்குப் போவேன். அதுக்கு லீவு விட்டேன். பொழுது சாஞ்சா லேப்டாப்போட அவ பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு போட்டோவா சைசக் கொறச்சேன்.

"இது யாருங்க, தாமரப்பூவுக்குள்ள தல மட்டும்?"

"நீதான்! அந்தக் காலத்து மிக்சிங்."

"நீங்க ஏன் கண்ணாடி டம்ளருக்குள்ள நிக்கிறீக?"

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பக் கேட்டு எத்தன வருசமாச்சு!

"காரியாபட்டிகிட்ட உங்க பஸ்ஸு பஞ்சராகி, கொத்தமல்லி மூட்டை லாரியிலல்ல மாப்பிள்ளையா வந்து எறங்குனீக. அந்த வாடையில எனக்குத் தும்மலான தும்மல், கண்ணெல்லாம் தண்ணி."

"தும்மலா? பொறந்த வீட்டப் பிரியுறேன்னு அழுகுறன்னு நெனச்சு நானும்ல சேந்து அழுதேன்!"

ரெண்டாவது வாரம் ரோஜாப்பூவத் தூக்கினேன். மூணாவது வாரம் நாதஸ்வரத்துக்குக் கும்பிடு போட்டேன். கீழ தள்ளத் தள்ளத்தான் போட்டோ வரணும்னு மாத்தினேன். என் போன்ல சட்டுனு தொறந்துச்சு. சென்னையில இருக்குற மக பிரவீணா போன்லயும் அப்படியே. சௌந்தரம் போன்ல மட்டும்?

"இன்னும் சுத்திக்கிட்டே இருக்குங்க. பாவம், இன்னைக்கும் உக்காந்து பாருங்க."

கல்யாண நாளும் வந்துருச்சு. காலையில அவ சேல கட்டுற நேரம் பாத்து, அவ போனத் தூக்கிக்கிட்டு இம்மானுவேல் செல்போன் கடைக்கு ஓடினேன். ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு அவரு சிரிச்சாரு.

"அண்ணாச்சி, போன் நல்லாருக்கு. யாரோ வேணும்னே இத 2ஜியில மாத்தி வச்சிருக்காக. மாட்டுவண்டி வேகந்தேன் வரும்."

சரி பண்ணிக் குடுத்தாரு. தொறந்தேன். ரெண்டே செகண்டு!

வீட்டுக்கு வந்து போன நீட்டினேன். "யாரு மாத்துனது?"

"நாந்தேன். நீங்க காட்டின மறுநாளே பிரவீணாகிட்ட கேட்டு மாத்திட்டேன்."

"எதுக்கு சௌந்தரம்?"

"டக்குனு தொறந்துட்டா நீங்க மறுபடி டீக்கடைக்குப் போயிருவீகல்ல. இருபத்தஞ்சு வருசத்துல இந்த ஒரு மாசந்தேன் பொழுதோட வீடு வந்து சேந்தீக."

அவ பீரோவத் தொறந்து, சேலைகளுக்கு அடியிலருந்து கல்யாண வீடியோ கேசட்ட எடுத்து என் கையில வச்சா.

"மூணு மணி நேரம் ஓடும். இதையும் ஏத்துங்க."