நடைபாதைக்காகச் சுட்ட ரோல்ஸ்

எனக்கு உதவி செய்யத் தயாராக இருக்கும் மனிதரைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எதையாவது செய்து, அவரை உதவ முடியாதவராக்கிவிட்டுத்தான் ஓயும்.

எழுபதுகளில், கடல் கடந்து நாங்கள் குடியேறிய டூங்கபியில் எங்கள் தெருவுக்கு நடைபாதை கிடையாது. மழை பெய்தால் ஓரமெல்லாம் சேறு. ஸ்டேஷனுக்குப் போக என் மனைவி மலர், கைக்குழந்தையின் தள்ளுவண்டியை லொறிகள் ஓடும் நடுரோட்டில்தான் தள்ளுவாள். ஒருநாள் லொறிக்கு ஒதுங்கியதில் வண்டி சாய்ந்து, தாயும் மகளும் சேற்றில் கிடந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அன்றே நகரசபைக்கு எழுதிப்போட்டேன்.

நகரசபைக்கு எங்கள் வட்டாரத்தில் தெரிவான உறுப்பினர் கெவின். வீட்டுக்கு வந்து சேற்றைப் பார்த்தார். "நானே தீர்மானம் கொண்டுவருகிறேன். என் வாக்கோடு சேர்த்தால் ஒரே வாக்கு வித்தியாசத்தில் வெல்லலாம்" என்றார். அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் காரியம் ஆக வேண்டிய இடத்துக்கு வெறுங்கையோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லையே.

"மலர், கொஞ்சம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் போடுமப்பா."

"ஏன்? அந்தாள் செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டுதெல்லோ."

"உமக்கு அரசியல் விளங்காது." (எனக்கு விளங்கிய லட்சணம் இனித் தெரியும்.)

கூட்டத்தன்று காலை ஒரு தட்டு நிறைய ரோல்ஸோடு கெவின் வீட்டுக்குப் போனேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

மாலை, சபையில் பார்வையாளர் வரிசையில் குழந்தையோடு நாங்கள். நடைபாதை விஷயம் வந்ததும் கெவின் எழுந்தார். "இதனால் பயனடையும் ஒருவரிடம் நான் உணவுப் பண்டம் வாங்கியிருக்கிறேன். வாக்களிப்பது முறையில்லை." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஐயா, அது வெறும் ரோல்ஸ்" என்று எழுந்தேன்.

"உறுப்பினர்கள் மட்டுமே பேசலாம்" என்றார் தலைவர்.

இன்னொருவர் தீர்மானத்தை முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. ஆதரவாக 'ஃபோர்' பாதி, எதிராக 'அகெய்ன்ஸ்ட்' பாதி. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னுமொரு வாக்கு உண்டாம். (இதையும் அன்றுதான் அறிந்தேன்.) இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று அவர் எதிர்த்துப் போட்டார். இருந்தது சேறுதான். அந்தச் சேற்றிலேயே வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று.

மறுநாள் கெவின் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். மிகவும் வருந்தினார். ரோல்ஸ் பிரமாதம் என்றும் சொன்னார். அவர் போன பிறகு மலரின் குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது:

"குடுக்கிறதெண்டால் எதிர்க்கிற ஆக்களுக்கெல்லோ குடுத்திருக்க வேணும்."

நடைபாதை ஒருவழியாக வந்தபோது, தள்ளுவண்டியில் இருந்தவள் தன் காலில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கும் நான் ஒரு பலகாரப் பெட்டியோடு யார் வீட்டுக்காவது புறப்பட்டால், வாசலில் மறித்துக்கொண்டு கேட்கிறாள்:

"அப்பா, அவர் ஃபோரா, அகெய்ன்ஸ்ட்டா?"